கைக்கொண்டு: லெந்து (தவக்கால) நாட்குறிப்பு

2 மார்ச் 2025, ஞாயிறு

மறுரூப ஞாயிறு, இயேசு மலையில் சீஷர் முன் ஒளியாய் மாறியதை நினைக்கிற நாள். மாற்கு 9 வாசித்தார்கள். "ஆறுநாளைக்குப் பின்பு" என்று தொடங்குகிறது. எதற்கு ஆறு நாள் பின்பு என்று யாரும் கேட்கவில்லை.

எட்டாம் அதிகாரத்தின் கடைசிக்குப் போகவேண்டும். தாம் கொல்லப்படவேண்டும் என்று இயேசு சொன்னதற்காகப் பேதுரு அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொள்கிறான். அவர் திரும்பி, சீஷரைப் பார்த்து, "எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே" என்கிறார். சீஷன் ஒருவனிடம் அவர் சொன்னதில் இதைவிடக் கடுமையான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. அதே பேதுருவைத்தான் ஆறு நாள் கழித்து மலைக்குக் கூட்டிப்போகிறார். பன்னிரண்டு பேரில் மூன்று பேருக்குத்தான் இடம். முதல் பெயர் பேதுரு. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவும் இல்லை, ஆளைக் கைவிடவும் இல்லை. அந்த ஆறு நாளில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மாற்கு எழுதவில்லை. எனக்கு வேண்டியது அந்த ஆறு நாள்தான்.

மலையில் இயேசுவோடு தோன்றிய மோசேயும் எலியாவும் எதைப் பற்றிப் பேசினார்கள் என்பது லூக்காவில் மட்டும் இருக்கிறது (9:31): எருசலேமில் நிறைவேறப்போகிற அவருடைய மரணம். கிரேக்கத்தில் அங்கே 'எக்ஸோதொஸ்', புறப்பாடு. யாத்திராகமத்துக்குக் கிரேக்க வேதாகமத்தில் உள்ள பெயரே அதுதான். பேதுரு காதுகொடுக்க மறுத்த அதே விஷயம், மகிமையின் நடுவில் வைத்துத் திரும்பவும் பேசப்படுகிறது. அவனோ மூன்று கூடாரம் போடலாம் என்கிறான்.

3 மார்ச்

ரசீது 41 முதல் 60 வரை. இருபது தாள்.

5 மார்ச், சாம்பல் புதன்

எபேசியர் 4:15. "அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு." இங்கிலீஷ் பைபிள் படித்து வளர்ந்தவர்கள் எல்லாரும் 'அன்போடு சத்தியத்தைப் பேசி' என்றே பிரசங்கம் பண்ணுகிறார்கள். 1871-ல் ஹென்றி பவர் குழு முடித்துக்கொடுத்த நம் பழைய மொழிபெயர்ப்பில் 'பேசி' இல்லை, 'கைக்கொண்டு'. கத்தோலிக்கரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் 'உண்மை பேசி' என்று வருகிறது.

இரண்டையும் தப்பென்று சொல்லமுடியாது. மூலத்தில் இருப்பது 'அலேதெயுவோ' என்ற வினை. 'சத்தியம்' என்ற பெயர்ச்சொல்லை அப்படியே வினையாக்கினால் என்ன வருமோ அது. தமிழில் அதற்கு ஒற்றைச்சொல் இல்லை. புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. மற்றது கலாத்தியர் 4:16: "நான் உங்களுக்குச் சத்தியத்தைச் சொன்னதினாலே உங்களுக்குச் சத்துருவானேனோ?" அங்கே அதே குழு 'சொன்னதினாலே' என்று போட்டிருக்கிறது. ஆக, அவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை. எபேசியரில் 14-ஆம் வசனம் அலையையும் காற்றையும் மனுஷருடைய சூதையும் சொல்லிவிட்டு வருகிறது. அலைகிறவனுக்கு எதிர்ச்சொல் பேசுகிறவன் அல்ல, பிடித்து நிற்கிறவன். அதனால் கைக்கொண்டு.

பேசுவதற்கென்று தனி வசனம் பத்து வரி தள்ளி வருகிறது, 4:25: "அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்." அது சகரியா 8:16. முதலில் கைக்கொள்வது, பிறகு பேசுவது. அந்த ரசீதில் கையெழுத்துப் போட்டவரிடம் சொல்லவேண்டியதை எழுத நான் தாளை எடுத்தபோது நேராகப் பத்து வரி தாண்டிவிட்டேன்.

6 மார்ச்

28-ஆம் தேதி வரை அவர் ஊரில் இல்லை. போனில் பேசக்கூடாது. வாட்ஸ்அப்பில் கூடவே கூடாது. எழுத்துக்குத் தொனி கிடையாது, படிக்கிறவர் தன் பயத்தின் தொனியில் படிப்பார்.

8 மார்ச், சனி

மத்தேயு 18:15-ல் எல்லாரும் தாண்டிப்போகும் படி முதல் படிதான். "நீயும் அவனும் தனித்திருக்கையில்." இதை மீறுவதற்கு நம் சபைகளில் பக்தியான வழிகள் எத்தனை இருக்கின்றன!

ஒன்று, ஜெபக்குறிப்பு. "வேற ஒண்ணுமில்ல, ஜெபிக்கத்தான் சொல்றேன்." இப்படி மூன்று வீடு போனால் நான்காவது வீட்டில் விஷயம் இரண்டு மடங்காகியிருக்கும். இரண்டு, ஜெபத்திலேயே கடிந்துகொள்வது: கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த நாட்களில் சிலர் உம்முடைய பணத்தை..." கர்த்தருக்குச் சொல்லுகிற சாக்கில் மூன்றாவது வரிசைக்குச் சொல்லுவது. பதில் பேச வழியில்லாத இடத்தில் வைத்து அடிப்பது இது. தனிமையில் திட்டுவதைவிடக் கேடு. மூன்று, ஒரே ஆளுக்காகத் தயாரித்த பிரசங்கம். அந்த ஆள் அன்றைக்கு வரமாட்டார், அல்லது வந்து, "நல்ல மெசேஜ் ஐயரே, நம்ம ஜனங்களுக்குத் தேவைதான்" என்று கைகுலுக்கிவிட்டுப் போவார்.

மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில், சினாயிட்டிக்குஸிலும் வத்திக்கானுஸிலும், இந்த வசனத்தில் 'உனக்கு விரோதமாக' இல்லை. 'உன் சகோதரன் குற்றஞ்செய்தால்' மட்டும். அப்படியானால் 'எனக்கு என்ன நஷ்டம், நான் ஏன் போகணும்' என்பதும் நிற்காது.

"ஆதாயப்படுத்திக்கொள்வாய்." கிரேக்கத்திலும் வியாபாரச் சொல்தான். லாபக் கணக்கில் எழுத வேண்டியது சகோதரன். ரசீது அல்ல.

9 மார்ச்

தூக்கம் இல்லை.

11 மார்ச், செவ்வாய்

கலாத்தியர் 6:1, "சாந்தமுள்ள ஆவியோடே அப்படிப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணுங்கள்." இதே வினையைத்தான் மாற்கு 1:19-ல் 'பழுதுபார்த்து' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். செபெதேயுவின் மகன்கள் படவில் உட்கார்ந்து வலை பழுதுபார்க்கிறார்கள்.

வலை தைக்கிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பவுலின் சொல் வேறு மாதிரித் தெரியும். கிழிசல் கிடைத்தவுடன் ஊசியை எடுக்கமாட்டார்கள். முதலில் கத்தி. பிசிறாக நிற்கும் நூலை எல்லாம் வெட்டி, ஓரத்தில் முடிச்சுகள் ஒழுங்காக நிற்கும்வரை கிழிசலைப் பெரிதாக்குவார்கள். மூன்று கால் நிற்கிற முடிச்சில் தொடங்கி, மூன்று கால் முடிச்சிலேயே முடிக்கவேண்டும். இடையில் உள்ளவை எல்லாம் இரண்டு கால். கணக்குத் தவறினால் கடைசியில் ஒரு கண் மிஞ்சும். புதுக் கண் பழைய கண்ணின் அளவே இருக்கவேண்டும். சின்னதானால் இழுவை முழுக்க அங்கே விழுந்து பக்கத்தில் கிழியும், பெரிதானால் மீன் போய்விடும். நைலான் நூல் வழுக்கும், அதனால் முடிச்சை இரட்டையாகச் சுற்றுவார்கள். கோபத்தில் இறுக்கித் தைத்த இடம் சுருங்கி நிற்பது கரையிலிருந்தே தெரியும்.

வெட்டுவதில் நமக்குக் கை தேர்ந்திருக்கிறது. வெட்டிவிட்டு ஊசி எடுக்காமல் எழுந்துபோவதிலும்.

இன்னொன்று. அதே வசனத்தில் 'நீங்கள்' என்று பன்மையில் போகிற பவுல், பாதியில் ஒருமைக்கு மாறுகிறார்: "நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு." கிரேக்கத்திலும் அப்படியே. ஊசி பிடித்த கையை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்லுகிறார்.

12 மார்ச்

எபேசியர் 4:29-ல் "கெட்ட வார்த்தை" என்பதற்கு மூலச்சொல் அழுகியது. வலை உவமையில் எறிந்துபோடும் ஆகாத மீனுக்கும் அதே சொல். மீன்வாடை இன்றைக்கும் விடவில்லை.

14 மார்ச், வெள்ளி

மகிமை என்றால் வெளிச்சம் என்றே படம் போட்டுப் பழகிவிட்டோம். எபிரெயச் சொல் 'காபோத்'. அடிப்பொருள் பாரம். தமிழில் 'கனம்' என்ற சொல் இரண்டையும் சேர்த்தே தாங்குகிறது: எடையும் கனம், மரியாதையும் கனம். பழைய அழைப்பிதழ்களில் குருமார் பேருக்கு முன்னால் 'கனம்' என்று அச்சடிப்பார்களே, அது.

1 சாமுவேல் 2 முதல் 4 வரை ஒரே மூச்சில் படித்தால் இந்த வேர்ச்சொல் விடாமல் வந்துகொண்டே இருக்கும். என்னைவிட உன் குமாரரை ஏன் மதித்தாய் என்று கர்த்தர் ஆசாரியன் ஏலியிடம் கேட்கிறபோது அது (2:29). "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்பதில் அது (2:30). தொண்ணூற்றெட்டு வயதில் ஏலி ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து சாகிறான். உடம்பு பாரமாயிருந்தது என்கிறது வசனம், அதே வேர். பேரன் பிறக்கிறான், பேர் இக்கபோத், மகிமை போயிற்று. பலியின் முதல் துண்டைத் தின்று கொழுத்த வீட்டில் பாரம் தங்கியது, கனம் வெளியேறியது. எபிரெயத்தில் எழுதியவர் சொல்லை வைத்து விளையாடவில்லை, கணக்குப் பார்த்திருக்கிறார்.

ஏலி மகன்களிடம் பேசவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2:23-ல் பேசுகிறான், நல்ல வார்த்தைகள்தான். "நான் கேள்விப்படுகிற இந்தச் சமாச்சாரம் நல்லதல்ல" என்று வருகிறது. கேள்விப்பட்டதை வைத்துப் பேசினான், பார்த்ததை வைத்து எழுந்து நிற்கவில்லை. 3:13 அதை ஒரே சொல்லில் முடிக்கிறது: அடக்காமற்போனான்.

உண்மையில் வாயைத் திறந்தது பையன் சாமுவேல்தான். ஏலி வீட்டுக்கு வரும் தண்டனையைக் கர்த்தர் இரவில் அவனிடம்தான் சொல்லியிருந்தார். இரவெல்லாம் படுத்துக் கிடக்கிறான். விடிந்ததும் கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறக்கிறான். சொல்லப் பயப்படுகிறான். இந்த மூன்று செயலும் அதே வரிசையில் 3:15-ல் இருக்கிறது. தினப்படி வேலையைச் செய்துவிட்டுப் பயப்படுகிறான். தானாகவும் சொல்லவில்லை, ஏலி கூப்பிட்டுக் கேட்டபிறகே. கேட்டபின் ஒன்றையும் மறைக்கவில்லை. பாதியை மட்டும் சொல்லியிருக்கலாம், கிழவருக்குக் கண் தெரியாது, நெஞ்சு தாங்குமோ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள எல்லா இடமும் இருந்தது.

17 மார்ச்

தாளில் பதினொரு வாக்கியம் இருந்தது. இன்று அடித்தது:

"எல்லாரும் பேசிக்கிறாங்க" என்று தொடங்கியது முழுவதும். பேர் சொல்ல முடியாத சாட்சி சாட்சியே இல்லை; உபாகமம் 19:15 இரண்டு மூன்று பேரைக் கேட்கிறது, ஊரைக் கேட்கவில்லை. 'எப்பவுமே' என்ற சொல், இரண்டு இடத்தில். அவருடைய மகனைப் பற்றிய வரி. போன வருஷத்து அசனப் பண்டிகை (அது வேறு விஷயம், ஒரு நாளைக்கு ஒரு விஷயம்). 'தப்பா நினைச்சுக்காதீங்க', ஏனென்றால் அதைக் கேட்டவுடன்தான் மனுஷன் தப்பாக நினைக்கத் தொடங்குகிறான். 'நீங்க ஏன்' என்று ஆரம்பிக்கும் கேள்வி. அது பதில் வாங்கும் கேள்வி அல்ல, மூலையில் நிறுத்தும் கேள்வி.

வைத்தது: தேதி, எண், தொகை. பிறகு, "இது எப்படின்னு எனக்குத் தெரியல." பிறகு வாயை மூடிக்கொள்ளும் இடம். அந்த மௌனத்தை நான் நிரப்பினால் எல்லாம் கெட்டுப்போகும். என் வாயே அவருக்குச் சாக்கு எடுத்துக்கொடுக்கும், அவர் அதைப் பிடித்துக்கொள்வார்.

இடம்: ஆராதனை முடிந்து கோயில் வாசலில் கூடாது. மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும், திண்ணையில் பக்கத்துப் பக்கம். பசி வேளையில் வேண்டாம். வீட்டம்மா காதில் விழும் தூரத்திலும் வேண்டாம்.

மூன்று வாக்கியம் மிச்சம்.

19 மார்ச், புதன்

யோவான் 12:42, 43. அதிகாரிகளில் அநேகர் விசுவாசித்தார்கள், ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படாதபடி அறிக்கைபண்ணவில்லை. காரணம்: "தேவனால் வருகிற மகிமையிலும் மனுஷரால் வருகிற மகிமையை அதிகமாய் விரும்பினார்கள்." இரண்டு மகிமைக்கும் ஒரே சொல், 'தொக்ஸா'. பழைய கிரேக்கத்தில் அதற்குப் பொருள் அபிப்பிராயம், பேர். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதே தொக்ஸா.

வாயை அடைப்பது பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். யோவான் விருப்பம் என்கிறார். அவர்கள் கோழைகள் அல்ல, பிரியமானவர்கள். பிரியம் வைத்த இடம்தான் வேறு. 'நல்ல மனுஷன், யார் மனசும் நோக ஒரு சொல் பேசமாட்டார்' என்கிற பேர் எவ்வளவு இனிப்பு. 'மூஞ்சிக்கு நேரே சொல்லுகிற ஆள்' என்கிற பேரும் அதே கடைச் சரக்குதான்.

அந்த அதிகாரிகளில் இருவர் பேர் நமக்குத் தெரியும். அரிமத்தியா யோசேப்பும் நிக்கொதேமும், எல்லாம் முடிந்தபிறகு வருகிறார்கள். நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும். ரோம இராத்தல் என்றால் ஏறக்குறைய 33 கிலோ. உயிரோடிருந்தபோது சொல்லாத சொல்லின் கனம்.

20 மார்ச்

ரசீதுக்குக் கீழே இரண்டு கையெழுத்து. இத்தனை நாளும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

21 மார்ச்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. என் கண்ணில் உத்திரம், சகோதரன் கண்ணில் துரும்பு. மத்தேயு 7:5-ல் 'முன்பு', 'பின்பு' என்று இருக்கிறது. துரும்பை எடுக்காதே என்று இல்லை.

23 மார்ச், ஞாயிறு

2 கொரிந்தியர் 3-ஐயும் 4-ஐயும் அதிகாரக் கோடு பிரித்துவிட்டது. பவுல் பிரிக்கவில்லை. 3:18-ல் திறந்த முகமாய்க் கர்த்தருடைய மகிமையைக் கண்ணாடியிலே காண்கிறதுபோலக் காண்கிறோம், மறுரூபப்படுகிறோம். மூச்சுவிட்டு மறுவரி, 4:2-ல், தந்திரமாய் நடவாமலும் தேவவசனத்தைப் புரட்டாமலும் சத்தியத்தை வெளிப்படுத்துகிறோம். முகத்திரை எடுத்தவன் பேச்சிலும் திரை போடமுடியாது என்பதுதான் இணைப்பு.

மலையில் நடந்த 'மறுரூபம்' புதிய ஏற்பாட்டில் நான்கே இடம்: மத்தேயு 17, மாற்கு 9, ரோமர் 12:2, இங்கே. நான்கிலும் பழைய தமிழில் மறுரூபம் என்றே நிற்கிறது. இங்கிலீஷில் இரண்டு வேறு சொல்லாகிப் பிரிந்துவிட்டது. நம் ஆட்கள் விட்டுக்கொடுக்கவில்லை, நன்றி.

கண்ணாடி என்றால் அன்றைக்கு உலோகம். கொரிந்து வெண்கலத்துக்குப் பேர்போன ஊர். மெருகு போட்ட வெண்கலம் சும்மா விட்டாலே மங்கும், தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

25 மார்ச்

தீர்க்கதரிசி நாத்தான் ராஜா தாவீதிடம் சொன்ன "நீயே அந்த மனுஷன்" எபிரெயத்தில் இரண்டே சொல். அதற்கு முன்னால் ஆட்டுக்குட்டிக் கதை, ராஜா தானே தீர்ப்பு எழுதுகிற அளவுக்கு. எனக்குக் கதை சொல்ல வராது.

26 மார்ச்

"நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு." 'மேற்சென்று' என்கிறார் வள்ளுவர். அவன் வரும்வரை காத்திரு என்றில்லை, நீ போ. மத்தேயு 18-லும் 'போய்' என்று ஒரு வினை இருக்கிறது.

லேவியராகமம் 19:17 கடிந்துகொள் என்கிறது. அடுத்த வரிதான் உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனில் அன்புகூரு. இத்தனை வருஷம் 18-ஐ மட்டும் மனப்பாடம் பண்ணவைத்திருக்கிறோம், ஞாயிறு பள்ளியில்.

27 மார்ச், வியாழன்

நாளை மாலை 5 மணி. திண்ணை.

தாளில் இப்போது இரண்டு வாக்கியம். முதலாவது: "அண்ணே, 41-லிருந்து 60 வரைக்கும் கீழே என் கையெழுத்தும் இருக்கு, எண்ணிப்பார்க்காம போட்டது."

இரண்டாவது இன்னும் சரியாக வரவில்லை.