விசில் சத்தத்தோடு வந்த ஸ்லாட்

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் போர்ட்டைச் சுத்தம் செய்வது, பழைய போனிலிருந்து புது போனுக்கு போட்டோக்களை ஏற்றிக் கொடுப்பது என்று நாள் ஓடிவிடும். போன மாதம் சித்தி மகன் வந்து, "ஸ்டோரேஜ் ஃபுல்லுனு காட்டுதுங்ணா, கொஞ்சம் பாருங்க" என்று போனைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். இளநீர் லோடு ஓட்டுகிறவன், நல்லேப்பிள்ளி பக்கத்துத் தோப்புகளில் ஏற்றிக்கொண்டு எறணாகுளம் வரை போவான். போனைத் துழாவினால் ஒரே மாதிரியான ஆறு ஏ.பி.கே. ஃபைல்கள், அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்கள், எல்லாம் டெலிகிராமில் வந்தவை. ஒன்றைத் திறந்தேன்.

முதலில் இருட்டு. பிறகு பறை அடி, கூட்டம் விசிலடிக்கும் சத்தம், புழுதிக்குள்ளிருந்து புல்லட்டில் ஒருவர் வருகிறார், முதுகு மட்டும்தான் தெரிகிறது, கழுத்தைத் திருப்பி கூலிங் கிளாஸ் மாட்டுகிறார். பெயர் எங்கும் போடவில்லை, ஆனால் யாரை மாதிரி செய்திருக்கிறார்கள் என்று எட்டு வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அப்புறம் ஐந்து பட்டைகள் சுழல ஆரம்பிக்கின்றன. புல்லட், அரிவாள், கூலிங் கிளாஸ், மல்லிகைப்பூ, வில்லனின் மீசை. கீழே ஒரு சிவப்புப் பொத்தான். ஸ்லாட் என்ற சூதாட்டம் இது, காசு வைத்துப் பொத்தானை அழுத்தினால் பட்டைகள் சுழலும், படங்கள் சேர்ந்து விழுந்தால் பணம் வரும்.

டீ குடித்துவிட்டு வந்தவனிடம் இது என்னடா என்று கேட்டேன். "கேமுங்ணா. படம் மாதிரியே வரும். லோடு ஏத்துற வரைக்கும் சும்மா பாத்துட்டு இருப்பேன்." அவன் பொய் சொல்லவில்லை. சீட்டுக்கட்டைக் கையில் தொடாத பையன், ரம்மி விளம்பரம் வந்தாலே தள்ளிவிடுகிறவன், அவனுக்கு இது சூதாட்டம் என்று தோன்றவே இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான். பணம் போன கணக்குகூட அப்புறம்தான் தெரிந்தது.

தெரிந்த படத்தையும் முகத்தையும் ஸ்லாட்டில் ஒட்டும் இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். ஸ்லாட் மெஷினுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது, சான்பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்பவர் 1890களில் செய்த மெஷினில் மூன்று சக்கரம், லாடம், ஹார்ட்டின், மணி என்று சாதாரணப் படங்கள்தான். பிரபலமான நிகழ்ச்சியின் பெயரையே மெஷினில் ஒட்டலாம் என்பதை 1996இல் ஸ்லாட் மெஷின் செய்யும் ஐ.ஜி.டி. கம்பெனி பெரிய அளவில் காட்டியது. 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியின் பெயரில் வந்த ஸ்லாட், கேசினோக்களில் இன்றும் ஓடுகிறது. ஆன்லைன் வந்ததும் வேகம் பிடித்தது. 2004இல் மைக்ரோகேமிங் 'டூம் ரெய்டர்' வீடியோ கேமை ஸ்லாட்டாக்கியது, 2014இல் அதே கம்பெனி 'ஜுராசிக் பார்க்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இரண்டையும் இறக்கியது. 2016 ஒரே வருடத்தில் நெட்என்ட் கம்பெனி கன்ஸ் அன் ரோசஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், மோட்டர்ஹெட் என்று ராக் இசைக்காரர்கள் பெயரில் மூன்று ஸ்லாட்டுகளை விட்டது. கன்ஸ் அன் ரோசஸில் எந்தப் பாட்டு ஓடட்டும் என்று ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கலாம். கிட்டார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸ் இறந்தது 1970இல். நாற்பத்தாறு வருடம் கழித்து அந்த மனிதரின் முகம் சக்கரத்தில் சுற்றுகிறது.

கேம் கம்பெனி படத்தின் உரிமை வைத்திருப்பவருக்கு லைசென்ஸ் கட்டணமோ வருமானத்தில் பங்கோ கொடுக்கிறது. எதற்குக் கொடுக்கிறது? ஆயிரம் ஸ்லாட்டுகள் வரிசையாக இருக்கும் பக்கத்தில் நம் கண் தெரிந்த முகத்தில்தான் போய் நிற்கும். சின்ன வயதில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்த படத்தின் இசை காதில் விழுந்தால் கை தானாக அங்கே போகும். அந்தப் பாசத்துக்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள், அதைச் சம்பாதித்தது இவர்கள் இல்லை. டிஸ்னி விஷயம் இதைவிடத் தெளிவு. 2009இல் மார்வெலையும் 2012இல் ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிமையும் வாங்கிய டிஸ்னி, அந்தப் பெயர்களில் ஓடிக்கொண்டிருந்த ஸ்லாட்டுகளின் லைசென்ஸைத் தொடர வேண்டாம் என்று 2013 வாக்கில் முடிவு செய்தது. குழந்தைகளுக்குப் படம் எடுக்கும் கம்பெனிக்கே தன் பொம்மைகள் அங்கே இருப்பது சரியில்லை என்று தோன்றியிருக்கிறது.

நம் பக்கம் வருகிற கதை வேறு. இங்கே லைசென்ஸும் கிடையாது, ராயல்டியும் கிடையாது. எங்கோ உட்கார்ந்து ஒருவன் நம்ம ஊர் ஹீரோவின் சாயலை எடுத்து ஒட்டி, லிங்க் அனுப்பிவிடுகிறான். 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர், ஒரு கேமிங் ஆப்பைப் பாராட்டித் தான் பேசுவது போல வந்த வீடியோ போலியானது என்று அவரே வெளியே சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கே அந்தக் கதி.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தம்பிக்கு விளக்கும்போதுதான் எனக்கே சரியாகப் புரிந்தது. பொத்தானை அழுத்திய அந்த நொடியிலேயே முடிவு தீர்மானமாகிவிடுகிறது, சாஃப்ட்வேர் ஒரு எண்ணை எடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு சுற்றுவது, மெதுவாவது, கடைசிப் பட்டையில் புல்லட் வந்து ஒரு கட்டம் தள்ளி நிற்பது எல்லாம் வெறும் காட்சி. "இன்னொண்ணு விழுந்திருந்தா அடிச்சிருக்கும்" என்று அவன் சொன்னான் பாருங்கள், அப்படிச் சொல்ல வைக்கத்தான் அந்தக் காட்சியே. இருபது ரூபாய் வைத்துச் சுற்றினால் ஆறு ரூபாய் திரும்பி வரும், பதினான்கு ரூபாய் நஷ்டம், ஆனால் திரையில் பட்டாசு வெடிக்கும், விசில் பறக்கும், ஹீரோ மீசையை முறுக்குவார். தோற்றவனுக்கு ஜெயித்த மாதிரி கொண்டாட்டம். பிரிட்டனில் இந்த ஏமாற்றை 2021 அக்டோபரில் ஆன்லைன் ஸ்லாட்டுகளில் தடை செய்துவிட்டார்கள், வைத்த காசைவிடக் கூடுதலாக வராமல் கொண்டாட்டச் சத்தம் போடக்கூடாது, தானாகச் சுற்றும் வசதி கூடாது, ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டரை நொடியாவது இடைவெளி வேண்டும். 2025இல் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு, 18 முதல் 24 வயதுக்காரர்களுக்கு 2 பவுண்டு என்று உச்சவரம்பும் வைத்தார்கள். தம்பி போனில் இருந்ததில் இதெல்லாம் எங்கே இருக்கப் போகிறது.

சித்தப்பாவுக்கு, அதாவது அவன் அப்பாவுக்கு, தினமும் ஒரு லாட்டரி எடுக்கும் பழக்கம் உண்டு. கேரளா லாட்டரி 1967இல் ஆரம்பித்தது, தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை நிறுத்திய பிறகு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கோபாலபுரத்துக்கும் கோவிந்தாபுரத்துக்கும் வந்து டிக்கெட் எடுத்துப் போகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். சித்தப்பா டிக்கெட்டை நான்காக மடித்து சட்டைப் பையில் பீடிக்கட்டுக்குப் பின்னால் வைப்பார், மூன்று மணிக்குக் குலுக்கல், சாயங்காலம் டீக்கடையில் நம்பர் பார்ப்பார், இல்லையென்றால் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். லாட்டரி நல்லது என்று நான் சொல்லவே இல்லை, அதிலும் எத்தனை குடும்பம் கஷ்டப்பட்டிருக்கிறது என்று இந்த எல்லையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சொல்லப்போனால் லாட்டரியில் பரிசாகத் திரும்பும் பங்கு ஸ்லாட்டைவிடக் குறைவுதான். ஆனால் சித்தப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு டிக்கெட், போனால் ஐம்பது ரூபாய், போனது போனது என்று தெரியும்.

ஸ்லாட்டில் கணக்கு வேறு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ரூபாய் திரும்பும் என்று பெருமையாகப் போட்டிருக்கும் நேர்மையான ஸ்லாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்குப் பத்து ரூபாய், நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் ஆறாயிரம் ரூபாய் புரண்டிருக்கும், சராசரியாக 240 ரூபாய் போயிருக்கும். லோடு ஏறுவதற்கு நான்கு மணி நேரம் ஆனால் 960. அதுவும் நீண்ட கால சராசரிதான், ஒரு ராத்திரியில் மொத்தமும் போகலாம். டெலிகிராமில் வந்த ஃபைலில் எத்தனை ரூபாய் திரும்பும் என்பது செய்தவனுக்கு மட்டும்தான் வெளிச்சம்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவன் யு.பி.ஐ. ஹிஸ்டரியை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினோம். இரண்டு மாதத்தில் நாற்பத்து மூன்று தடவை பணம் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு க்யூஆர், வேறு வேறு ஆட்களின் பெயர், ஒன்று பெண் பெயர், ஒன்று ஏதோ காய்கறிக் கடை. முதல் வாரத்தில் எண்ணூறு ரூபாய் திரும்பி வந்திருக்கிறது, அதோடு சரி. கூட்டிப் பார்த்தால் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம், வண்டி டியூ நான்கு மாதத்துக்கு ஆகும். எழுத எழுத அவன் பேசவில்லை. கடைசியில், "படம் பாக்கற மாதிரியே இருந்துச்சுங்ணா, காசு போறது தெரியவே இல்ல" என்றான். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. நான் முதல் நாள் முதல் காட்சிக்கு அதே மாதிரி விசிலடித்தவன்தான், அந்தச் சத்தத்துக்கு உடம்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதை எடுத்துத் தூண்டிலில் மாட்டியிருக்கிறான் ஒருவன் என்பதுதான் எனக்குக் கோபம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டத்தில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், விளம்பரம் செய்கிறவருக்கு இரண்டு வருடம், ஐம்பது லட்சம் என்று இருக்கிறது. ஆடி ஏமாந்தவருக்கு அதில் தண்டனை இல்லை. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், தம்பி போலீஸ் நம்மையே பிடிக்கும் என்று பயந்துதான் வாயைத் திறக்காமல் இருந்தான். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தோம். பணம் வரும் என்று பெரிய நம்பிக்கை இல்லை. சித்தியிடம் அவனே சொல்லட்டும் என்று விட்டேன், சொல்லிவிட்டான், இரண்டு நாள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார்கள்.

ஆறு ஃபைலையும் அழித்தேன், டெலிகிராம் குரூப்பிலிருந்து அவனை எடுத்துவிட்டேன். வண்டிக்குப் போகும்போது அவனே ஒரு பட்டன் போன் கேட்டான், கடையில் இருந்த பழையது ஒன்றுக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்தேன். ஸ்மார்ட் போன் இப்போது வீட்டில் அவன் மனைவியிடம் இருக்கிறது. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அந்தப் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டான். காய் வெட்ட ஆள் வர லேட்டாம், லோடு ஏற இன்னும் இரண்டு மணி நேரம் ஆகுமாம். "சும்மா பேசுங்ணா" என்றான். மழை எப்போது வரும், சித்தப்பா முழங்கால் எப்படி இருக்கிறது, வண்டிக்குப் பின் டயர் மாற்ற வேண்டுமா என்று ஒரு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.