காதால் டிவி பார்க்கிறவள்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் வீட்டின் முன் அறைதான் என் தையல் கடை. மிஷினுக்கு எதிர்ச் சுவரில், இஸ்திரி மேஜைக்கு மேலே, டிவி மாட்டியிருக்கிறது. கடை திறந்தால் அதுவும் ஓடத் தொடங்கிவிடும். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் மகனுக்கு இது பொறுக்காது. “நூற்றுக்கணக்கில் சேனல் வருகிறது, நீ வைப்பது மூன்றோ நான்கோ. அதற்கு மாதாமாதம் எதற்கம்மா பணம் கட்டுகிறாய்? கேபிளை எடுத்துவிடு, எல்லாம் போனிலேயே வருகிறதே” என்பான். மூன்றோ நான்கோ என்பது உண்மைதான். ஆனால் அவன் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. நான் டிவியைப் பார்ப்பது அபூர்வம். கேட்கிறேன்.

ஜாக்கெட் தைக்கும்போது இரண்டு கையும் துணியில் இருக்கும். கண் ஊசியை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் கைக்குழி வளைவு கோணிக்கொள்ளும், பிறகு உட்கார்ந்து பிரிக்க வேண்டும். கால் மோட்டார் பெடலில். சும்மா இருப்பது காது ஒன்றுதான். போன் கையையும் கேட்கும், கண்ணையும் கேட்கும். ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது எது என்று விரலுக்காகக் காத்து நிற்கும். டிவியில் ஒரு சேனலை வைத்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குத் தைப்பேன். எங்கள் பக்கத்தில் புளி இறங்கும் மாதங்களில், திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் பெண்களைப் பாருங்கள். உள்ளே டிவி உரக்க ஓடிக்கொண்டிருக்கும், ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். யாராவது அதை நிறுத்தினால் மட்டும் சண்டைக்கு வருவார்கள். டிவி இன்னும் பார்க்கத் தகுந்ததா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் வேலை முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்து பார்க்கிறவர்கள். அவர்களுக்கு அலுத்துப்போயிருந்தால் வியப்பில்லை.

படித்தவர்கள் சீரியலைக் கிண்டல் செய்கிறார்கள். ஒரே வசனத்தை மூன்று முறை சொல்கிறார்கள், நேற்றைய காட்சியை இன்றும் போடுகிறார்கள், மனத்தில் நினைப்பதை வாய்விட்டுப் பேசுகிறார்கள் என்று. எல்லாம் உண்மை. ஆனால் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீரியலைக் கேட்டுப் பாருங்கள், ஒன்றும் விட்டுப்போகாது. யார் உள்ளே வந்தாலும் “வாங்க சம்பந்தி”, “என்ன அத்தை, இந்த நேரத்தில்?” என்று முறை சொல்லி அழைத்துவிடுவார்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும். கெட்டவள் வந்தால் அவளுக்கென்று ஒரு இசை. அதிர்ச்சி என்றால் இடி இடிக்கும். கடிதத்தைக்கூட ஒருவர் சத்தம் போட்டுப் படிப்பார். இதை எழுதுகிறவர்களுக்கு எங்களைத் தெரிந்திருக்கிறது. அடுப்படியிலும் மிஷினிலும் இருப்பவள், இடையில் தண்ணீர் பிடிக்கப் போனவள், நேற்று கரண்ட் இல்லாததால் தவறவிட்டவள் எல்லோரும் கதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள்.

இது டிவிக்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவு முழுக்கக் கூத்து, முடிவில் மண்ணால் பிடித்த பெரிய துரியோதனன் தரையில் படுத்திருக்கப் படுகளம், அதாவது அவன் போர்க்களத்தில் வீழும் காட்சி. கூத்தில் ஒரு ராஜா வந்தால் கட்டியங்காரன் விடமாட்டான். நீ யார், எந்த நாடு, எதற்கு வந்தாய் என்று கேட்டு, அவர் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்வான். பாய் விரித்துப் படுத்திருக்கும் கூட்டத்தில் பாதி தூங்கும், பாதி விழிக்கும். விழித்தவன் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்வான். துகிலுரிதல் வந்தால் மட்டும் எல்லோரையும் தட்டி எழுப்பிவிடுவார்கள்.

அதனால்தான் தூர்தர்ஷனில் இந்தி மகாபாரதம் வந்தபோது எங்கள் ஊரில் யாருக்கும் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை என்று நினைக்கிறேன். 1988 அக்டோபரில் தொடங்கி 1990 ஜூன் வரை ஞாயிறு காலைகளில் ஓடியது. அப்போது நான் பள்ளிச் சிறுமி. டிவி இருந்த வீட்டுத் திண்ணை வரைக்கும் ஆள் நிரம்பிவிடும். என் ஆயாவுக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து, “இவன்தான் சகுனி, இப்போது பகடையை எடுப்பான் பார்” என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவாள். துரியோதனன்மேல் மட்டும் அவளுக்குக் கடைசிவரை குறை இருந்தது. கூத்து ராஜாவைப்போலத் தோளில் புஜக்கட்டை இல்லை, காலில் சலங்கை இல்லை, ஒரு சுற்றுக்கூட ஆடாமல் நின்ற இடத்திலேயே பேசுகிறானே, இவன் என்ன ராஜா என்பாள்.

கண்ணால் பார்க்கவே மாட்டேனா என்றால், பார்ப்பேன். ஜாக்கெட்டுக்காகப் பார்ப்பேன். “அக்கா, அந்த எட்டு மணி சீரியலில் மருமகள் போட்டிருக்கிறாளே, அந்தக் கை வேண்டும்” என்று வருகிறவர்கள்தான் இப்போது பாதிப் பேர். போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார்கள், அதில் முகம் மட்டும் தெளிவாக இருக்கும், கை மங்கலாக இருக்கும். நான் டிவியிலேயே பார்த்துக்கொள்வேன். சீரியலில் ஒரு ராத்திரி விடிய ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுக்க அதே சேலை, அதே ஜாக்கெட்தான். பஃப் கைக்கு எத்தனை மடிப்பு வைத்திருக்கிறார்கள், மடிப்பு தோளில் நிற்கிறதா முன்பக்கம் தள்ளியிருக்கிறதா, பின்கழுத்து பானைக் கழுத்தா வெறும் வட்டமா, கயிறு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ள அந்த ஒரு வாரம் தாராளம். ஆரி வேலை செய்த கனமான ஜாக்கெட்டோடு அந்தப் பெண் தூங்கவும் தூங்குவாள். லைனிங் வைத்த பட்டு ஜாக்கெட்டோடு வைகாசி வெயிலில் ஒருமுறை படுத்துப் பார்த்தால் கதையே வேறு மாதிரிப் போகும்.

செய்தி விவாதங்கள் காதுக்கு ஆகாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எந்தக் குரல் எந்தக் கட்சி என்று பிரிக்க முடிவதில்லை. முகத்தைப் பார்த்தால் புரியலாம். அவ்வளவு தூரம் தலையை நிமிர்த்த எனக்கு ஆசை இல்லை. அந்த நேரத்தில் பழைய பாட்டுச் சேனலுக்குப் போய்விடுவேன்.

வானொலி போதாதா என்று கேட்கலாம். தருமபுரி வானொலியைக் காலையில் சமைக்கும்போது கேட்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் நான் மட்டும் இல்லையே. ஃபால்ஸ் அடித்த சேலையை வாங்க வந்தவர், ஓரம் அடித்து முடிக்கும்வரை காத்திருக்கும் சுடிதார்க்காரப் பெண், அளவு ஜாக்கெட்டை மறந்துவிட்டு வந்து மகளை வீட்டுக்கு அனுப்பிய அம்மா என்று பெஞ்சில் எப்போதும் யாராவது இருப்பார்கள். டிவி ஓடினால் அவர்கள் அதைப் பார்ப்பார்கள். என்னைப் பார்த்து “முடிந்ததா, முடிந்ததா” என்று கேட்கமாட்டார்கள். முன்பின் அறியாத இரண்டு பேர் ஒரு மாமியாரைத் திட்டிக்கொண்டே சிநேகிதம் ஆகிவிடுவார்கள். கையில் போன் இருந்தால் தலையைக் குனிந்து ஆளுக்கு ஒரு உலகம். ஜூனில் பள்ளிச் சீருடைக்குக் கூட்டம் முட்டும்போது இந்த டிவி எனக்கு ஒரு உதவியாள் மாதிரி.

பணத்தைப் பற்றி மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 2019 பிப்ரவரியில் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் புதிய கட்டண முறையைக் கொண்டு வந்தது. அப்போது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வேண்டியதை மட்டும் வாங்கலாம் என்றார்கள், எனக்கும் பிடித்திருந்தது. கடையில் நான்கு ஜாக்கெட்டுக்குத் துணி எடுத்தால் நான்குக்குத்தானே காசு! ஆனால் எங்கள் கேபிள்காரர் கையில் இருந்தது தொகுப்புகள்தான். எனக்கு வேண்டிய நான்கும் நான்கு தொகுப்பில் இருந்தன. அடுத்த ஆண்டு அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று உயர்த்தினார்கள். ரிமோட்டில் மேலே மேலே போனால் ஜவுளிக்கடைத் தெருபோல ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று கூப்பிடுகிறார். என் காதுக்கு வேலை கூடவில்லை.

அரசு 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குல டிவிதான் கடைக்கு முதல் டிவி. அதில் கையின் மடிப்பை எண்ணவே முடியாது. இப்போது அது மூலையில் இருக்கிறது, மேலே நூற்கண்டுப் பெட்டி.

எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்க் (BARC) என்ற நிறுவனம் கணக்கெடுக்கிறது அல்லவா? அது எப்படி என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சேனல்கள் தங்கள் ஒலிக்குள், மனிதக் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைச் சேர்த்து அனுப்புகின்றன. தேர்ந்தெடுத்த வீடுகளில் வைத்திருக்கும் கருவி அந்தக் குறியீட்டைப் பிடித்து, இன்ன சேனல் ஓடுகிறது என்று பதிவு செய்கிறது. ஆக அந்தக் கருவிக்கும் கண் கிடையாது, காதுதான். வீட்டில் இருப்பவர் அந்தக் கருவியின் ரிமோட்டில் தனக்கென்று உள்ள பொத்தானை அழுத்திவிட்டுப் புளி உடைத்தாலும் அவர் பார்வையாளர்தான்.

என் பெரிய வருத்தம், இத்தனை சேனலில் எங்கள் ஊர் எங்கே என்பது. சீரியலில் கிராமம் என்றால் தேனிப் பேச்சு, மதுரைப் பேச்சு. கிருஷ்ணகிரியில் ஒரு தெருவுக்குள்ளேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கும். அந்தக் குரலை ஒரு கதையிலும் நான் கேட்டதில்லை. செய்தியிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து நான்கு விஷயம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒகேனக்கல்லுக்கு எத்தனை ஆயிரம் கனஅடி தண்ணீர் வருகிறது, ராயக்கோட்டையில் தக்காளி என்ன விலை, ஓசூர் பக்கம் யானை இறங்கியதா, தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்ததா. இதைத் தாண்டி நாங்கள் டிவியில் வர வேண்டுமானால் ஊத்தங்கரை மாதிரி ஆக வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை அங்கே ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை எல்லாச் சேனலும் காட்டின. அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டு நின்றுகொண்டே பார்த்தேன். என் நாத்தனார் வீடு ஊத்தங்கரையில். போன் போகவில்லை. படத்தில் தெரிந்த கடைப் பலகைகளை வைத்து, இது எந்தப் பக்கம், தண்ணீர் அவள் தெருவுக்குப் போகுமா என்று பெஞ்சில் இருந்தவர்களும் நானும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். மாலையில்தான் அவளே பேசினாள்.

கேபிளை எடுக்கப் போவதில்லை என்று மகனிடம் சொல்லிவிட்டேன். இந்தித் தொகுப்பு ஒன்றையும் விளையாட்டுத் தொகுப்பையும் மட்டும் நீக்கச் சொல்லியிருக்கிறேன். கிரிக்கெட் வேண்டுமானால் அவன் போனில் பார்த்துக்கொள்ளட்டும்.

செய்திச் சேனல்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் காலை ஆறு மணிக்கு எந்த மாவட்டத்துக்குப் பள்ளி விடுமுறை என்பதைத் திரையின் கீழே ஓடவிட்டு, மேலே வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறீர்கள். டமடமவென்று மேளம் அடிக்கிறது, செய்தி என்னவென்று சொல்ல வாய் வருவதில்லை. மாவட்டப் பெயர்களை ஒருவர் வாய்விட்டுப் படித்தால் போதும். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் உங்கள் பட்டியலில் எப்போதும் கடைசிப் பக்கம்தான் வருகின்றன, அதற்குள் தோசை கருகிவிடுகிறது.