திட்டவிலக்கமும் திட்டப்பிழையும்: புள்ளியியல் முதல் தாளுக்குப் படிப்போருக்கு

கும்பகோணத்தில் இளங்கலை முதலாண்டில் புள்ளியியலைத் துணைப்பாடமாகப் படித்தபோது, சூத்திரங்களைவிட எனக்குக் கைகொடுத்தது நெல் விளைச்சல் கணக்குதான். பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று வயலில் ஒரு சதுரத்தை அளந்து, கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து அடித்து எடை போடுவார்கள். வரப்போரத்தில் செழித்து நிற்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், சமவாய்ப்பு எண்களைக் கொண்டு இடம் குறிப்பது ஏன் என்று யோசித்தாலே மாதிரியெடுப்புப் பாடத்தின் பாதி புரிந்துவிடும். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் மட்டும் அறுத்துவிட்டுக் கடைமடைக்கும் சேர்த்து முடிவு சொல்லக் கூடாது என்பதே, வயலைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுக்கும் படுகை முறை மாதிரியெடுப்பின் அடிப்படை.

ஐந்து சதுரங்களில் 12, 14, 15, 15, 19 கிலோ கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 15; சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவான விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 26. விலக்கங்களின் கூடுதல் எப்போதும் சுழி என்பதால், நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாகவே வந்துவிடும். எனவே 4 ஆல் வகுத்து வர்க்கமூலம் காண, திட்டவிலக்கம் ஏறத்தாழ 2.55 ஆகிறது. சதுரத்துக்குச் சதுரம் விளைச்சல் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை இது சொல்கிறது. அதையே 5 இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் 1.14 திட்டப்பிழை, வேறு ஐந்து சதுரங்களை அறுத்திருந்தால் சராசரியே எவ்வளவு மாறியிருக்கக்கூடும் என்பதன் மதிப்பீடு அது. சதுரங்களைக் கூட்டக் கூட்டத் திட்டப்பிழை குறையும், ஆனால் வயலின் இயல்பான ஏற்றத்தாழ்வு அப்படியேதான் இருக்கும். இந்த வேறுபாட்டை ஒரு முறையாவது கையால் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கால்குலேட்டர் விடையைத் தருமே தவிர இதைக் காட்டாது.

மாதிரி சிறிதாக இருக்கும்போது, உண்மைச் சராசரி எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று சொல்லும் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளிக்கு, இயல்நிலைப் பரவல் அட்டவணையின் 1.96 ஐப் போடக் கூடாது. கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய காசெட், 1908 இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் தீர்த்துவைத்த சிக்கல் இதுதான். வரையின்மைப் படி (இங்கே சதுரங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 4 க்கு டி அட்டவணை தரும் மதிப்பு 2.776; அதைத் திட்டப்பிழையால் பெருக்கிச் சராசரியின் இருபுறமும் வைத்தால், இடைவெளி ஏறத்தாழ 11.8 முதல் 18.2 வரை விரிகிறது.

‘வேறுபாடு ஏதும் இல்லை’ என்பது போன்ற இன்மைக் கருதுகோளை டி மதிப்பைக் கொண்டு சோதிக்கும் வினாவில், கணக்கைச் சரியாக முடித்தவர்களும் மதிப்பெண்ணை இழப்பது கடைசி வரியில்தான். கணித்த மதிப்பு அட்டவணை மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், ‘இன்மைக் கருதுகோள் உண்மையென நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதாமல், ‘5 விழுக்காடு மட்டத்தில் அதை நிராகரிக்கப் போதிய சான்று இல்லை’ என்று எழுதி, விளைச்சலைப் பற்றி அதன் பொருள் என்ன என்பதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.