காவடி விரதத்தில் கருவாட்டு வாசம்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் காவடி விரதம். பத்து நாளும் சமையலறைக்குள் முட்டைகூட நுழையாது. ஐந்தாம் நாள் விடியற்காலை, வாசல் பக்கம் கருகிய கருவாட்டு வாசம்! அம்மா முதலில் என்னைத்தான் முறைத்தார்.

வாசம் வந்தது என் புது மின்சாரக் காரின் பக்கமிருந்து. விற்றவர்களிடம் கேட்டால், "புது வண்டி அப்படித்தான் மணக்கும்" என்றார்கள். பெயின்ட் மணக்கலாம், ரப்பர் மணக்கலாம். மீன் எப்படி ஐயா மணக்கும்?

சக்கரம், பிரேக், ஏசி துவாரம் என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன் (பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டார்கள், போகட்டும்). பக்கத்து ஊரான கத்ர் போர்ன் வரை ஓட்டிப் போய்வந்தேன். வழியெல்லாம் ஒரு வாசமும் இல்லை. அப்போதுதான் உறைத்தது: ஓடும்போது இல்லை, சார்ஜ் ஏறும்போது மட்டும்தான்.

மறுபடி செருகிவிட்டு அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டேன். கை பொசுங்காத குறை. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்தேன். சாக்கெட்டின் உள்ளே ஒரு திருகு தளர்ந்து, கம்பியின் உறை கருகியிருந்தது. கெட்டில் இரண்டு மூன்று நிமிடம்தான் மின்சாரம் இழுக்கிறது. காரோ 10 ஆம்பியரை இரவு முழுக்க இழுக்கிறது. தளர்ந்த இணைப்பு அதைத் தாங்காமல் கொதிக்கிறது. சாக்கெட்டில் உள்ள சில வகைப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாசம்தான் வருமாம்!

இப்போது காருக்கென்று தனி லைன், தனி பிரேக்கர். அம்மா மட்டும் அந்தப் பழைய சாக்கெட்டை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை.