அபோமேயில் ஒரு மின்விசிறி அறை

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு முந்திரிக்கொட்டை கொள்முதலுக்குப் போகும் ஆட்களில் இரண்டு வகை உண்டு. துறைமுக நகரத்தில் ஏசி அறை எடுத்துக்கொண்டு குடோனுக்கு வந்து சேரும் சரக்கை மட்டும் பார்ப்பவர்கள் ஒரு வகை. சரக்கு விளையும் பக்கமே போய்த் தங்குபவர்கள் இன்னொரு வகை. தரம் பார்க்கும் வேலையில் இருப்பவன் இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பெனின் நாட்டுத் துறைமுக நகரமான கொட்டோனுவில் இருந்தால் விலை தெரியும். கொட்டை தெரியாது.

பெனின் நாட்டில் சீசன் பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை ஓடும். அந்த மாதங்களில் நான் தங்கியது அபோமேயில். கொட்டோனுவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர். நெடுஞ்சாலை மேல் இருக்கும் ஊர் பொஹிகோன். பெரிய சந்தை, லாரி, பஸ் எல்லாம் அங்கேதான். அங்கிருந்து மேற்கே கொஞ்சம் ஒதுங்கினால் அபோமே. தஹோமே ராஜ்ஜியத்தின் பழைய தலைநகரம். சவலு, தாஸா, க்ளாசுவே என்று முந்திரி விளையும் ஊர்களுக்கு இங்கிருந்து காலையில் கிளம்பினால் வெயில் ஏறும் முன் போய்விடலாம். பொஹிகோனிலேயே தங்கியிருக்கலாம்தான். ஆனால் இரவெல்லாம் லாரி ஹாரன் அடிக்கும் ஊரில் தூங்கி எழுந்து, காலையில் ஈரப்பதமானியின் எண்ணை நிதானமாகப் படிக்க முடியாது.

நான் தங்கிய விடுதி சிமெண்ட் கல் சுவர், தகரக் கூரை, நடுவில் மாமர முற்றம், முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், அவ்வளவுதான். வாசலில் களிமண்ணால் பிடித்த ஒரு லெக்பா உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கத்துப் பாரம்பரிய மதமான வோடூனில் நிலைவாசலைக் காக்கும் தெய்வம்; தலையில் பனையெண்ணெய் வழிந்து கறுத்துப்போயிருக்கும். முதல் தடவை பார்த்தபோது எங்கள் ஊர் சுடலைமாடன் பீடம்தான் நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நொடி கால் தயங்கியது.

வரவேற்பு மேஜைக்குப் பின்னால் விலைப் பலகை: மின்விசிறி அறைக்கு ஒரு விலை, ஏசி அறைக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. கம்பெனி ஏசி அறைக்கே பணம் தரும். ஆனாலும் நான் மின்விசிறி அறையைத்தான் கேட்டு வாங்குவேன். ஏசி அறையில் ஜன்னல் பெயருக்குத்தான் இருக்கும். மார்ச் மாத வெக்கையில் கரண்ட் போய்விட்டால் உள்ளே மூச்சு விட முடியாது. மின்விசிறி அறைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல், கம்பி வலை, கட்டிலுக்கு மேல் கொசுவலை. கரண்ட் இல்லாத இரவிலும் முற்றத்துக் காற்று வரும். கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிட வேண்டும். மலேரியா அங்கே வருஷம் முழுக்க இருக்கிற நோய். குளியலறையில் குழாய் இருக்கும், தண்ணீர் வரும் என்று உத்தரவாதம் இல்லை. பக்கத்திலேயே நீல டிரம்மில் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் இருக்கும். அந்த டிரம் ஒருநாளும் காலியாக இருந்து நான் பார்க்கவில்லை. விடிவதற்கு முன்பே யாரோ நிரப்பிவிடுவார்கள். எத்தனையோ பெரிய ஓட்டல்களில் தங்கியிருக்கிறேன். இந்த ஒரு காரியத்தில் காட்டிய ஒழுங்கை அங்கெல்லாம் கண்டதில்லை.

விடுதியை நடத்தியவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா. எல்லோரும் மமோ என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். காலையில் எழுந்ததும் நேரே போய் வெந்நீர் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. நன்றாகத் தூங்கினீர்களா, வீட்டில் எல்லோரும் சுகமா, பிள்ளைகள் எப்படி என்று இரண்டு பக்கமும் கேட்டு முடித்த பிறகுதான் வெந்நீர் பேச்சு. இந்த வரிசையை அவரிடம்தான் கற்றேன். பிறகு கிராமங்களில் விவசாயிகளிடம் மூட்டையைத் தொடும் முன் அதே வரிசையில் பேசினேன். வந்ததும் வராததுமாக மூட்டையில் குத்தூசி போடும் ஆளுக்கும், குடும்பத்தை விசாரித்துவிட்டுக் குத்தூசி போடும் ஆளுக்கும் அங்கே கிடைக்கும் பதில் வேறு வேறு. எந்த மூட்டை எப்போது பொறுக்கியது, எத்தனை நாள் காய்ந்தது என்பதை இரண்டாவது ஆளிடம்தான் சொல்வார்கள்.

சாப்பாட்டுக்கு நான் கஷ்டப்படவில்லை. சோறும் பயறும் ஒன்றாக வேகவைத்த அத்தாசி, மேலே தக்காளி மிளகாய்க் குழம்பு. ஃபுலானிப் பெண்கள் செய்து விற்கும் வகாஷி என்ற பாலாடைக்கட்டியை எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். மீனில்லாத நாளில் எனக்கு அதுவே போதும்.

இரவு எட்டு மணிக்கு மேல் முற்றத்து மேஜைதான் எங்கள் அலுவலகம். லாரி டிரைவர்கள், கிராமம் கிராமமாகச் சேகரித்துக் கொடுக்கும் தரகர்கள், மாற்றலாகி வந்து வீடு கிடைக்காமல் காத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியர், துணி வியாபாரிகள். எனக்கு இருந்த கொஞ்சப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சவலு பக்கம் நேற்று மழை, இந்த வாரம் யாரோ அவசரமாக வாங்குகிறார்கள், சணல் சாக்கு தட்டுப்பாடாகி நைலான் சாக்கில் கட்டுகிறார்கள். இப்படி ஒவ்வொரு தகவலும் கொட்டோனுவுக்குப் போய்ச் சேரும் முன்பே அந்த மேஜைக்கு வந்துவிடும். நைலான் சாக்கில் கொட்டைக்குக் காற்றுப் போகாது. வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் ஒரு டிரைவர் தன் லாரியில் தூறலோடு மூட்டை ஏற்றியதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். மறுநாள் அந்த லோடை முதலில் பார்த்தேன். ஈரம் பத்து சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அப்படியே கப்பலேறியிருந்தால் தூத்துக்குடியில் கண்டெய்னர் திறக்கும்போது பாதி கறுத்திருக்கும். களத்தில் கொட்டிக் காயவைத்த பிறகே எடுத்தோம்.

அதே மேஜையில்தான் கட்டிங் டெஸ்ட்டும் செய்வேன். ஒரு கிலோ கொட்டையை எடுத்து எண்ணுவேன். பெனின் சரக்கு என்றால் இருநூறுக்கு முன்னே பின்னே நிற்கும். ஒவ்வொன்றாக வெட்டி நல்லது, புள்ளி விழுந்தது, பிஞ்சு, சொத்தை என்று பிரிப்பேன். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பதால் கையுறை வேண்டும். நல்ல பருப்பை முழுதாகவும் புள்ளி விழுந்ததைப் பாதியாகவும் கணக்கில் எடுத்து எடைபோட்டு, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்று சொல்வதுதான் அவுட்டர்ன். கிலோவுக்கு 270 கிராம் வந்தால் 47.6. பெனின் சரக்குக்கு நல்ல எண் அது.

மமோ இதைப் பல இரவுகள் பார்த்துக்கொண்டே போவார். ஒரு நாள் உட்கார்ந்து கேட்டார்: "மகனே, ஒரு மூட்டையில் எவ்வளவு பருப்பு?"

"இருபத்தொரு கிலோ, இருபத்திரண்டு கிலோ, மமோ."

"மிச்சம்?"

"ஓடுதான். அதிலும் எண்ணெய் எடுப்பார்கள், அடுப்பெரிப்பார்கள்."

"அப்போது கப்பல் நிறைய ஓட்டைத்தானே ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். அங்கே யார் உடைக்கிறார்கள்?"

"பெண்கள்."

"பெண்கள் இங்கேயும் இருக்கிறோமே" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்னால்தான் அதைச் சுலபமாகக் கடந்துபோக முடியவில்லை. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். என் அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தொலி உரித்தவர். அங்கே அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, அண்டி ஆபீஸ்தான். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல் நுனி எண்ணெய் பட்டுக் கறுத்தே இருக்கும். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். எங்கள் மாவட்டத்திலும் கொல்லத்திலும் உடைபட்ட கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அது ஒரு நாட்டில் விளைகிறது, அந்த நாட்டிலும் வேலை இல்லாத பெண்கள் இருக்கிறார்கள் என்பதை அபோமேக்கு வரும்வரை நான் ஒருமுறைகூட யோசித்துப் பார்த்தது கிடையாது.

கொள்முதல் இல்லாத ஞாயிறுகளில் அரண்மனைப் பக்கம் நடந்து போவேன். தெருவில் பிள்ளைகள் யோவோ யோவோ என்று பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். வெளிநாட்டுக்காரர் யாராக இருந்தாலும் அங்கே யோவோதான். செம்மண் சுவர்கள், ஏறக்குறைய ஒவ்வொரு அரசரும் முன்னோர் அரண்மனையை ஒட்டித் தனக்கொன்று கட்டிக்கொண்டதால் வளாகம் 47 ஹெக்டேர் வரை விரிந்திருக்கிறது. யுனெஸ்கோ 1985-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சூறாவளியில் சேதமாகியிருந்ததால் அதே ஆண்டு ஆபத்திலுள்ளவை பட்டியலிலும் சேர்த்து 2007-இல்தான் எடுத்தது. கெஸோ, க்ளேலே என்ற இரண்டு அரசர்களின் அரண்மனைகளை அருங்காட்சியகமாக ஆக்கியிருந்தார்கள். சுவர்களில் மண்ணால் புடைத்த சிற்பங்கள்: சிங்கம், கப்பல், துப்பாக்கி ஏந்திய பெண் வீரர், வெட்டுப்பட்ட தலை. இந்த ராஜ்ஜியம் பக்கத்து மக்களைப் பிடித்து வீடா துறைமுகம் வழியாக ஐரோப்பியருக்கு விற்றுச் செழித்தது என்பதை வழிகாட்டி மறைக்காமல் சொன்னார். பீரங்கிகளைக் காட்டி, இவை எதற்கு ஈடாக வந்தன என்றும் சொன்னார். அடிமை வியாபாரம் சுருங்கிய பிறகு பனையெண்ணெய் அந்த இடத்துக்கு வந்தது. எண்ணெய் போனது, துணியும் சாராயமும் வெடிமருந்தும் வந்தன. கொள்முதல் வேலை பார்க்கும் நான் அந்தப் பகுதியைக் கொஞ்சம் அதிக நேரம் நின்று கேட்டேன்.

1892 நவம்பரில் பிரெஞ்சுப் படை நெருங்கியபோது அரசர் பெஹன்ஸின் அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டு வடக்கே போனார். தளபதி டாட்ஸ் கையில் கிடைத்த சிம்மாசனங்கள், கதவுகள், அரசர் சிலைகள் பாரிசுக்குப் போயின. பெஹன்ஸின் 1894-இல் சரணடைந்து மார்த்தினீக் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1906-இல் அல்ஜியர்ஸில் இறந்தார். அபோமேக்குள் நுழையும் கோஹோ சதுக்கத்தில், நில் என்பதுபோல் கையை நீட்டிய அவர் சிலை இருக்கிறது. பொஹிகோனிலிருந்து ஸெமிஜான் என்ற வாடகை மோட்டார் சைக்கிளில் வரும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் வருவேன்.

எடுத்துப்போனவற்றில் 26 பொருட்களை பிரான்ஸ் 2021 நவம்பரில் திருப்பிக் கொடுத்தது. 2022 பிப்ரவரியில் கொட்டோனு ஜனாதிபதி மாளிகையில் அவற்றைக் கண்காட்சி வைத்தபோது நான் சீசனுக்கு வந்திருந்தேன். மமோ தன் தையல் சங்கத்துப் பெண்களோடு ஒரே மாதிரித் துணியில் உடுத்திக்கொண்டு வேன் வைத்துப் போனார். அன்றைக்கு விடுதியில் சமையல் இல்லை. யாரும் முணுமுணுக்கவில்லை, ரொட்டியும் ஆம்லெட்டும் வாங்கிச் சாப்பிட்டோம். திரும்பி வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். க்ளேலேயின் சிம்மாசனத்துக்கு முன்னால் ஒரு கிழவர் மண்டியிட்டுத் தரையைத் தொட்டார், காவலாளிகள் தடுக்கவில்லை என்றார். அப்புறம் நாள் முழுக்க அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

2024 ஏப்ரலில் இருந்து உடைக்காத முந்திரிக்கொட்டையை வெளிநாட்டுக்கு ஏற்றக்கூடாது என்று பெனின் அரசு தடை போட்டது. கொட்டோனுவுக்கு அருகே க்ளோ ஜிக்பே தொழிற்பேட்டையில் உடைக்கும் ஆலைகள் வந்தன. எங்கள் வட்டாரத்தில் இதை ஏதோ துரோகம்போலப் பேசியவர்கள் உண்டு. என் கருத்து வேறு. தடையால் எங்கள் ஊர் ஆபீஸ்களுக்குக் கஷ்டம் என்பது உண்மை. ஏற்கெனவே கூலிச் செலவிலும் வியட்நாம் இயந்திரங்களோடு போட்டியிலும் எத்தனையோ ஆபீஸ்கள் மூடிக் கிடக்கின்றன. அம்மாவோடு வேலை பார்த்தவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவர்களுக்கு வேறு வழி காட்டுவது நம் அரசும் முதலாளிகளும் செய்ய வேண்டிய வேலை. அபோமே பக்கத்துப் பெண்களிடம் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டோடு அனுப்புங்கள் என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது. விவசாயிக்கு ஆலைக்காரர்கள் சரியான விலை கொடுக்கிறார்களா என்பதைத்தான் இனி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். வாங்குகிற கைகள் குறைந்தால் அரசு வைத்த குறைந்தபட்ச விலை காகிதத்தில் மட்டும் நிற்கிற அபாயம் உண்டு. தரகர்கள் மேஜையில் இப்போது அந்தக் கவலைதான் ஓடுகிறது.

என் வேலையும் மாறிவிட்டது. இப்போது உடைத்த பருப்பின் தரம் பார்க்கிறேன். ஆலை தெற்கே இருப்பதால் அபோமே வரை போக வேண்டிய அவசியம் குறைவு. ஆனாலும் எந்தக் கொட்டை வருகிறது என்று தெரியாமல் பருப்பைப் பற்றிப் பேச முடியாது என்று கம்பெனியிடம் சொல்லிவிட்டுப் போய்வருகிறேன். அதே மின்விசிறி அறை. போன சீசனில் மமோவின் தங்கை மகள் அங்கே வந்திருந்தாள். ஆலையில் தரம் பிரிக்கும் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். டபிள்யூ 240-ஐயும் டபிள்யூ 320-ஐயும் கண்ணாலேயே எப்படிப் பிரிப்பது என்று கேட்டாள். பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு நின்றால் முதலாவது, 300 முதல் 320 நின்றால் இரண்டாவது என்று எடைபோட்டு எண்ணிக் காட்டிவிட்டு, இரண்டு குவியலையும் கலந்து அவளைப் பிரிக்கச் சொன்னேன். கண் பழக ஒரு சீசன் ஆகும் என்றேன்.

"ஆலையில் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டார்கள். இன்னொரு தடவை கலந்து கொடுங்கள்" என்றாள்.