விஸ்குண்டெ: கணிதத்துக்கு டச்சு மொழி வைத்த பெயர்

டச்சு படிக்க ஆரம்பித்த புதிதில் பாடப் புத்தகத்தில் 'விஸ்குண்டெ' என்று ஒரு சொல் வந்தது, பொருள் கணிதம். 'குண்டெ' தெரியும், நம்முடைய 'இயல்' மாதிரி, ஒரு துறையைப் பற்றிய அறிவு. 'விஸ்ஸன்' என்றால் அழிப்பது, அதனால் பலகையில் கணக்கைப் போட்டுப் போட்டு அழிப்பதால் வந்த பெயராக இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

தப்பு. இந்த 'விஸ்' வேறு, 'உறுதியான' என்று பொருள் தரும் பழைய சொல். இப்போது தனியாக அதிகம் வராது, 'விஸ் என் சேக்கர்' என்று, நாம் 'உறுதியாக, நிச்சயமாக' என அடுக்கிச் சொல்வது போன்ற தொடரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் விஸ்குண்டெ என்பது ஐயத்துக்கு இடமில்லாத அறிவு! ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லின் வேருக்குக் 'கற்கப்படுவது' என்றுதான் பொருள், அது எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். டச்சுச் சொல் கணக்குக்கு மட்டுமே பொருந்துகிறது.

இதற்குக் காரணமானவர் சிமோன் ஸ்டெவின், 1548-ல் ப்ரூகஸ் நகரில் பிறந்தவர், தசம பின்னங்களை ஐரோப்பாவில் பரப்பியவர். அவர் எழுதிய சொல் 'விஸ்கொன்ஸ்ட்', அதாவது உறுதியின் கலை. கலை போய் 'குண்டெ' வந்தது பிற்காலத்தில். அறிவியலுக்கு ஏற்ற மொழி டச்சுதான் என்று அவர் மனதார நம்பினார். 1586-ல் வந்த எடைக்கலை நூலில் (எடை, சமநிலை பற்றியது) டச்சின் ஓரசைச் சொற்களைப் பட்டியல் போட்டு, லத்தீன், கிரேக்கத்தோடு ஒப்பிட்டு, குட்டிச் சொற்கள் இத்தனை இருப்பதால்தான் எதையும் எதோடும் சேர்த்துப் புதுச்சொல் கட்ட முடிகிறது என்று வாதாடியிருக்கிறார்.

வெறும் மொழிப்பற்று என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1600-ல் நெதர்லாந்துப் படைத்தலைவரான இளவரசர் மௌரிட்ஸின் விருப்பப்படி லெய்டன் பல்கலைக்கழகத்தில் பொறியாளர்களுக்கான பள்ளி தொடங்கியபோது பாடத்திட்டம் வகுத்தவர் ஸ்டெவின், பாடம் நடந்தது லத்தீனில் அல்ல, டச்சில். நிலம் அளக்கவும் கோட்டை கட்டவும் போகிறவர்களுக்குப் புரிய வேண்டுமே.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ஏவன்வெய்டிக்'. 'ஏவன்' சமம், 'வெய்ட்' அகலம். இணைகோடுகளுக்கான சொல் இது. இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கே அளந்தாலும் ஒரே அகலம், வரையறையே பெயராகிவிட்டது.