மணல் இன்னும் வரவில்லை

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

காசிமேடு மீன்பிடித் துறைமுகச் சுவரோரம் இடுப்பளவு இருக்க வேண்டிய இடத்தில் கால் எட்டவில்லை. அலை வருகிறது, நிமிர்கிறது, உடையாமலே கரை வரை போய் மொத்தமாக விழுகிறது. ஏறி நிற்க வழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏலக் கூட்டம் வேறு. வஞ்சிரம் வாங்க வந்தவர்கள், அலையேற்றப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவனைப் பிணம் தூக்கிப் போகிறவனைப் போலப் பார்த்து ஒதுங்கினார்கள். வழி கிடைத்ததே, அதுவும் லாபம்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

புது வீட்டுக்கான ஒதுக்கீட்டுக் கடிதம் வரவில்லை.

அக்டோபர் 15, புதன்

அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். அடுத்த வாரம் என்றார் அதிகாரி. போன முறையும் அடுத்த வாரம்தான். அவருடைய நாற்காலி மட்டும் புதிதாகியிருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை மையம் அறிவித்துவிட்டது. நைனா அதற்கு முன்பே சொல்லிவிட்டார்: தெற்கிலிருந்து இழுக்கும் தெண்டி நின்றுவிட்டது, இனி வடக்கிலிருந்து வரும் வன்னித் தண்ணீர்தான். காலில் தண்ணீர் இழுப்பதை வைத்தே சொல்கிறார். நான் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

வன்னி வந்தால் மணல் வரும். வருடத்தில் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டிய துறைமுகம் அந்த வழியை அடைத்தது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரத்தைத் தாண்டிக் கடல் கரையைத் தின்றுகொண்டே போனது. அதற்குக் கல்லைக் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். இந்தச் சில மாதங்களில் மட்டும் ஓட்டம் திரும்புகிறது. வடக்கே மிச்சமிருக்கும் மணலில் கொஞ்சம் இறங்கி வந்து, மீன்பிடித் துறைமுகச் சுவரின் வடபுறம் ஒதுங்குகிறது. அந்தத் திட்டு இருந்தால்தான் எனக்கு அலை.

ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மணல் எங்கிருந்து வருகிறது என்று மறுபடியும் கேட்டாள். வடக்கிலிருந்து என்றேன். "அப்படியென்றால் அது எங்கள் குப்பத்து மணல்" என்றாள். அவள் பிறந்த வீடு அங்கேதான் இருந்தது. கடல் முதலில் கிணற்றை எடுத்ததாம், பிறகு தென்னையை, வீட்டைக் கடைசியாக. யாரோ வாங்கிய கடனைப் பற்றிப் பேசுவது போன்ற குரல் அவளுக்கு அப்போது.

அக்டோபர் 19, ஞாயிறு

இடது காது. மழைத் தண்ணீர் கால்வாய் வழியாக எதையெதையோ கொண்டுவந்து சேர்க்கிறது. மேலே விசைப்படகுகளின் டீசல் படலம். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் தண்ணீர் படக்கூடாதாம். மணல் வரும் வாரம் பார்த்து!

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சரவெடி பாதி நமுத்துப்போயிற்று. மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் மேற்பூச்சு பெயர்ந்து விழுந்தது. வெடிச் சத்தம் என்று நினைத்து யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

பலகையை எங்கே வைப்பது?

இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில், தண்ணீர்க் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கும். பெரியவர்கள் அதில் துண்டு காயப்போடுவார்கள், அவ்வளவுதான். புதிய இடத்தில், பெரும்பாக்கத்தில், எட்டு மாடி. எட்டடிப் பலகை லிப்டுக்குள் நிற்காது, சாய்த்தாலும் கதவு மூடாது என்று முன்பே போனவன் சொல்கிறான். லிப்டு ஓடினால்தானே அந்தக் கவலை என்றும் சொல்கிறான். அறை பத்தடி இருந்தால் ஆயாவின் கட்டிலுக்கு மேலே கூரையில் கட்டித் தொங்கவிடலாம். தலைக்கு மேலே பாடையா என்பாள். தாழ்வாரத்தில் விட்டால் ஒரே வாரத்தில் யாராவது மேசையாக்கிவிடுவார்கள். விற்றுவிடு என்கிறாள் அம்மா. கோவளத்தில் பழையதாக வாங்கியது. மூக்கில் இரண்டு ஒட்டு இருக்கிறது. விற்றால் நல்ல மிக்சி கூட வராது.

கடிதமே வரவில்லை. நான் லிப்டை அளந்துகொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

மோந்தா புயல். கூண்டு ஏற்றிவிட்டார்கள். படகுகள் எல்லாம் உள்ளே வந்து நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கால் நனையாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்துவிடலாம். ஐஸ் வாங்க ஆளில்லை. கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு முதலாளியே டீ வாங்கிக் கொடுத்தார்.

சுவர் மேல் ஏறிப் பார்த்தேன். அலை பெரியதுதான், உதவாத பெரியது. ஏழு விநாடிக்கு ஒன்று, ஒன்றின் முதுகில் ஒன்று. காற்று இங்கேயே பக்கத்தில் கிளப்பிவிட்ட அலை அப்படித்தான் இருக்கும். ஏழு விநாடி அலைக்கு ஆழ்கடலில் நீளம் எண்பது மீட்டர் கூட வராது. பதினான்கு விநாடி என்றால் முந்நூறு மீட்டர். தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததுமே அலைக்குத் தரை தட்டுப்பட்டுவிடும். அங்கேயிருந்தே திரும்பத் தொடங்கும். அதனால்தான் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிறந்த அலை, துறைமுகச் சுவர்களைச் சுற்றி வளைந்து நம் மூலைக்கு வந்து சேர்கிறது. காற்றலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. வளைந்து வருவதற்குள் முக்கால் பலம் போய்விடும் என்பது வேறு விஷயம். மிச்சமே எனக்குப் போதும்.

ஆனால் தெற்கு அலைக்குப் பருவம் முடியப்போகிறது. மணல் வரும்போது அலை இல்லை, அலை இருந்தபோது மணல் இல்லை. இரண்டும் சேர்ந்து நிற்கும் நாட்கள் எப்போதுமே சொற்பம்.

அக்டோபர் 29, புதன்

புயல் நேற்றிரவு ஆந்திரத்தில் கரை கடந்துவிட்டது. காது வலி இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

வந்துவிட்டது!

விடிவதற்குள் போனேன். சுவரின் முட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி, தொடையளவு தண்ணீரில் நிற்கிறேன். புயல் இரண்டே நாளில் மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. காற்று மேற்கிலிருந்து, லேசாக. தெற்கே எங்கிருந்தோ பதின்மூன்று விநாடி அலை, முழங்காலுக்கு மேல், சில சமயம் இடுப்பு. சுவரோரம் உடைய ஆரம்பித்து வலப்பக்கமாக, வடக்கே, அவசரமில்லாமல் உரிந்துகொண்டே போகிறது. எழுந்து நின்று, ஒரு முறை திரும்பி, இன்னொரு முறை திரும்ப நேரம் இருந்தது. தெர்மாகோல் பெட்டி மூடியில் படுத்துக்கொண்டு வரும் பொடியன்கள் மூன்று பேர் என் அலையிலேயே வந்தார்கள். ஒருவன் மூடி உடைந்து இரண்டாகிவிட்டது. இரண்டு துண்டிலும் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலையேற்ற சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரே, அது போன்ற அலை இல்லை இது. யாரும் இதற்காக டிக்கெட் எடுத்து வரமாட்டார்கள். வரவும் வேண்டாம்.

வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். முதலாளி தலைமுடியில் உப்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

நேற்றைப் போலவே. இன்னும் நன்றாக.

நவம்பர் 2, ஞாயிறு

பெரும்பாக்கம் போனால் கோவளம் பக்கம்தானே, நல்ல அலை கிடைக்குமே என்று மாமா சமாதானம் சொல்கிறார். இதையே நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். கோவளத்தில் நல்ல அலைதான், யார் இல்லை என்றது? அங்கே ஏறினால் வரிசை உண்டு, நிழற்குடை உண்டு, குளித்துவிட்டுக் குடிக்கக் காபி உண்டு. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தூக்கிப்போட்டுவிட்டு, பக்கத்தில் நல்ல சினிமா கொட்டகை இருக்கிறது என்றால் ஆயிற்றா?

துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கொண்டுவந்தது சலங்குப் படகு. ஆணியே இல்லாமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் உடையாது, நெளிந்துகொடுக்கும். எந்த அலையை விட வேண்டும், எதன் முதுகில் ஏற வேண்டும் என்பதை அறிந்தவர்கள் ராயபுரத்துப் படகுக்காரர்கள். புனித ராயப்பர் கோயிலைக் கட்டியதும் அவர்கள்தான். அலையேற்றம் ஏதோ தெற்கிலிருந்து இப்போதுதான் வந்ததுபோல மாமா பேசும்போது எரிச்சலாக இருக்கிறது. அவருடைய தாத்தாவே படகுக்காரர்.

நவம்பர் 5, புதன்

கடிதம் வந்தது. பௌர்ணமி. கடலேற்றம் அதிகம், திட்டு முழுகிவிட்டது, அலை இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

கைரேகை எடுக்க எல்லோரும் போனோம். ஆயாவின் ரேகை விழவில்லை. பத்து விரலும் வைத்துப் பார்த்தார்கள், ஈரத்துணியால் துடைத்து வைத்துப் பார்த்தார்கள். அத்தனை வருட இறால் உரிப்பு. ஆள் இல்லை என்று சொல்கிறது கருவி, ஆள் எதிரே நின்று கேட்கிறாள்: "சரி, அப்படியென்றால் நான் இங்கேயே இருந்துவிடலாமா?"

பணியில் இருந்த பெண் சிரித்துவிட்டார். கடைசியில் கண்ணைப் படம் பிடித்தார்கள். அதிலும் புரை.

நவம்பர் 8, சனி

திட்டு பாதி கலைந்திருக்கிறது. இருந்தும் இறங்கினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

லாரி நாளை காலை ஆறு மணிக்கு. பலகைக்குத் தனியாக முந்நூறு ரூபாய் கேட்கிறார் ஓட்டுநர். பீரோவுக்கே அவ்வளவுதான் வாங்குகிறார். பேசிப் பார்க்க வேண்டும். ஆயாவின் பெயர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. அவள் இரண்டு நாள் அத்தை வீட்டில் இருப்பாள் என்று முடிவாகியிருக்கிறது. அத்தை வீடு இங்கே காசிமேட்டில், என்4 கடற்கரைக்குப் பின்னால்தான். பலகையையும் அங்கேயே விட்டுவிட்டால் என்ன என்று இப்போதுதான் தோன்றுகிறது. அத்தையிடம் கேட்க வேண்டும். ஆயாவிடம் அல்ல, அவள் உடனே சரி என்றுவிடுவாள்.

கடல் தகவல் மையமான இன்காய்ஸின் முன்னறிவிப்பு: நாளை தெற்கிலிருந்து பன்னிரண்டு விநாடி அலை.